நெட் பேங்கிங் தொடங்கத் தயங்குகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இணையவழி வங்கிச் சேவை குறித்து உங்களுக்குள்ள ஐயங்களை எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே தேர்ந்தெடுத்திருக்கிறோம். பணம் தொடர்பான செய்தி என்பதால் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம். பதில் அளிப்பவர், இவ்வட்டாரக் கிளைகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்.

நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், வயது 68. இதுநாள் வரை செக்கும் சலானும் எழுதித்தான் பழக்கம். கிளைக்குப் போனால், “சார், இதையெல்லாம் வீட்டிலிருந்தே செய்யலாமே” என்கிறார்கள். ஏதாவது ஒரு பொத்தானைத் தவறாக அழுத்தி, சேர்த்து வைத்ததெல்லாம் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சமே என்னைத் தடுக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், திருமங்கலம்

தவறான பொத்தானை அழுத்துவதால் மட்டும் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போய்விடாது. பணம் போக வேண்டுமென்றால், நீங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்து, யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதைப் பதிவு செய்து, தொகையை எழுதி, அதன் பிறகு கைப்பேசிக்கு வரும், ஒரு முறை மட்டுமே செல்லும் ரகசிய எண்ணான ஓ.டி.பி.யையோ பரிவர்த்தனைக்கென்று தனியாக வைத்திருக்கும் கடவுச்சொல்லையோ கொடுத்தாக வேண்டும். இவற்றில் எந்த இடத்தில் குழம்பி நிறுத்தினாலும், அப்படியே எழுந்து போய்விட்டாலும், சில நிமிடங்களில் அந்தப் பக்கம் தானாகவே மூடிக்கொள்ளும். கணக்கில் ஒரு பைசாகூட நகராது. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தவறாக அடித்தால் உள்நுழைவு பூட்டப்படும். அது ஒரு தொல்லை, அவ்வளவுதான்; கிளைக்குப் போயோ, ஏ.டி.எம். கார்டைக் கொண்டோ மீண்டும் திறந்துகொள்ளலாம். நான் பார்த்த வரையில், பெருந்தொகையை இழந்தவர்கள் எவரும் பொத்தானில் தடுமாறியவர்கள் அல்லர். போனில் பேசியவன் சொன்னதைக் கேட்டு, தடுமாறாமல் ஒவ்வொரு பொத்தானையும் சரியாக அழுத்தியவர்கள். எனவே உங்கள் அச்சத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அதைக் கணினியின் மீதிருந்து எடுத்து, அறிமுகமில்லாத தொலைபேசி அழைப்பின் மீது வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

கணினியைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை கிளையில் இருக்கிறது. உங்கள் கணக்கோடு எந்தக் கைப்பேசி எண் இணைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்கு அது என்றைக்கோ கொடுத்த பழைய எண்ணாகவோ, வெளியூரில் இருக்கும் மகனுடைய எண்ணாகவோ இருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் நெடுநாள் கிடந்த எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்; உங்கள் ஓ.டி.பி.யும் அவரிடம் போகும். ஆகையால், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியின் எண்ணே கணக்கிலும் இருக்க வேண்டும். இல்லையெனில், மாற்றுவதற்கான படிவத்தை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, நெட் பேங்கிங்குக்கு விண்ணப்பிக்கும்போது பல வங்கிகளில் இருவகை உரிமை உண்டு. ஒன்றில் கணக்கைப் பார்க்க மட்டுமே முடியும். மற்றொன்றில் பணமும் அனுப்பலாம். முதலில் பார்க்கும் உரிமையை மட்டும் கேட்டு வாங்குங்கள். கவுன்ட்டரில் இருப்பவர், “எதற்கு சார், இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுகிறேன்” என்று சொல்லக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு மாதங்களுக்கு, ஓய்வூதியம் வரவானதையும் வட்டி சேர்ந்ததையும் திரையில் பார்த்து, பாஸ்புக்கில் பதிவானதோடு ஒத்துப் பார்த்து வாருங்கள். திரையில் ஒரு வரவு எப்படி எழுதப்பட்டிருக்கும், ஒரு பிடித்தம் எப்படித் தெரியும் என்பது பழகிவிட்டால், பிற்பாடு ஏதேனும் விபரீதம் நடந்தாலும் கண்ணில் உடனே படும். ஆசிரியராக இருந்தவருக்கு விடைத்தாள் திருத்திய கண் இருக்கும். இந்தப் பழக்கம் எளிதாகவே வரும்.

மூன்றாவதாக நான் சொல்லப்போவதை வங்கிகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஓய்வூதியமும் வைப்புத்தொகையும் இருக்கும் கணக்கிலிருந்தே அன்றாடச் செலவுகளை இணையத்தில் செய்ய வேண்டியதில்லை. சில ஆயிரம் ரூபாய் மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, பணம் அனுப்பும் உரிமையை அதற்கு மட்டும் பெறுங்கள். ஒரே வங்கியில் இரண்டு கணக்குகள் இருந்தால், இரண்டும் ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் ஒரே திரையில் வந்து நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. எந்தக் கணக்குக்கு எந்த உரிமை என்பதை எழுத்து மூலம் தெளிவாகக் கேளுங்கள். அந்த வசதி இல்லை என்றால், சிறிய கணக்கை வேறொரு வங்கியில் வைத்துக்கொள்வதே நல்லது. இன்னொன்றும் இருக்கிறது: பல வங்கிகளில் எஃப்.டி. எனப்படும் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே இணையத்தில் உடைத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டுக்கொள்ள முடியும். இது நமக்கு வசதி. நம் கடவுச்சொல் கிடைத்த திருடனுக்கு அதைவிடப் பெரிய வசதி. உங்கள் வைப்புத்தொகையைக் கிளையில் கையெழுத்திட்டால்தான் உடைக்க முடியும் என்று வைத்துக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வங்கியின் இணைய முகவரியைக் கூகுளில் தேடி, முதலில் வருவதைச் சொடுக்கும் பழக்கம் வேண்டாம். அச்சு அசலாக வங்கிப் பக்கம் போலவே இருக்கும் போலிகள் அங்கே கிடக்கின்றன. நம் நாட்டு வங்கிகள் தங்கள் இணைய முகவரியை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இப்படி முடியும் முகவரியை வங்கிகள் மட்டுமே பெற முடியும். கிளையில் முகவரியைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வந்து, அதைப் பார்த்து நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் இணையத்தில் தேடாதீர்கள், உங்கள் ஏ.டி.எம். கார்டின் பின்புறத்திலேயே அது அச்சிடப்பட்டிருக்கும்.

பார்த்துப் பழகிய பின், பணம் அனுப்பும் உரிமையைக் கேட்டு வாங்கி, ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பை நீங்களே குறைத்து வையுங்கள். முதல் பரிவர்த்தனையை உங்களுடைய ஒரு கணக்கிலிருந்து உங்களுடைய மற்றொரு கணக்குக்கே செய்து பாருங்கள். தவறினாலும் பணம் உங்களிடம்தான் இருக்கும். அதன் பிறகு மின் கட்டணத்தைக் கட்டிப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதாலும், ரசீது உடனே கிடைப்பதாலும் பழகுவதற்கு ஏற்றது. ஆனால், “இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்” என்று ஒரு சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பின் வழியாக மட்டும் அதைக் கட்ட வேண்டாம்.

என் அண்ணன் மகளின் கல்லூரி விடுதிக் கட்டணத்தை நெட் பேங்கிங்கில் அனுப்ப வேண்டும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டால் பணம் யாரோ ஒருவருக்குப் போய்விடுமாமே? பெயரையும் சேர்த்துத்தானே எழுதுகிறோம், வங்கி அதைப் பார்க்காதா?
– வாசகி, எஸ்.எஸ். காலனி, மதுரை

செக்கில் பெயரைப் பார்ப்பார்கள். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். என்று வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறைகளில் போகும் பணமோ கணக்கு எண்ணை மட்டுமே நம்பிப் போகிறது. நீங்கள் எழுதும் பெயர் வேறாக இருந்தாலும், அந்த எண்ணில் ஒரு கணக்கு இருந்தால் பணம் அதில் வரவாகிவிடும். நெடுங்காலம் இது பெரும் குறையாகவே இருந்தது. இதைக் களைய, கணக்கு எண்ணையும், வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் கொடுத்தவுடன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று அனுப்புவோருக்குக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் கூறியது. இந்த வசதிக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே, திரையில் வரும் பெயரை நிதானமாகப் படித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

புதிய நபரைச் சேர்க்கும் பக்கத்தில் கணக்கு எண்ணை இரண்டு முறை கேட்பார்கள். முதல் முறை நீங்கள் அடிப்பது பெரும்பாலும் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். இரண்டாவது முறை எண்கள் தெரியும். இரண்டும் பொருந்தினால்தான் அடுத்த கட்டத்துக்கு விடும். முதல் முறை அடித்ததை நகலெடுத்து இரண்டாவது கட்டத்தில் ஒட்ட முயல்பவர்கள் இருக்கிறார்கள். தவறும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் பல வங்கிகள் அதை அனுமதிப்பதில்லை. எண்ணை நான்கு நான்கு இலக்கங்களாகப் பிரித்து, ஒருவர் வாசிக்க மற்றவர் அடிப்பது நல்லது. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் 11 இடங்கள் உண்டு: முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழியம், கடைசி ஆறும் கிளையைக் குறிப்பவை. அந்த ஐந்தாவது இடத்தில் சுழியத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ எழுத்தை அடித்துவிட்டு, “ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது” என்று கிளைக்கு வந்து நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய பாஸ்புக்கில் உள்ள குறியீட்டையும் நம்ப வேண்டாம். 2020 ஏப்ரல் 1 முதல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்துவிட்டதால், அந்தக் கிளைகளின் பழைய குறியீடுகள் பின்னர் செல்லாமல் போயின. நம் தென் மாவட்டங்களில் இருந்த பாண்டியன் கிராம வங்கி 2019-இல் பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டது. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுராவே 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு கலந்துவிட்டதை மதுரைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வங்கியின் பெயர் மாறும்போது வாசல் பலகையை மட்டுமல்லாமல் பாஸ்புக்கையும் மாற்றிக்கொள்வதே முறை.

விடுதிக்கு முழுத் தொகையையும் அனுப்பும் முன் ஒரு ரூபாய் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று அவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். புதிதாகச் சேர்த்த நபருக்கு முதல் 24 மணி நேரத்தில் பெருந்தொகை அனுப்ப முடியாதபடி பல வங்கிகள் தடை வைத்திருக்கின்றன. கட்டணத்தின் கடைசி நாளன்று உட்கார்ந்தால் சிக்கல்தான். இரண்டு நாள் முன்னதாகவே பெயரைச் சேர்த்துவிடுங்கள். தொகை சிறியதென்றால் ஐ.எம்.பி.எஸ். வழியில் உடனே போகும். அதன் வரம்பு 5 லட்சம். நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும். 2019 டிசம்பர் முதல் இரவும் விடுமுறை நாளும் இதற்குத் தடையில்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து இணையத்தில் அனுப்பினால் கட்டணமும் இல்லை. ஆர்.டி.ஜி.எஸ். என்பது 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அனுப்புவதற்கு.

இத்தனைக்குப் பிறகும் தவறிப்போனால்? நீங்கள் அடித்த எண்ணில் கணக்கே இல்லையென்றால் பணம் தானாகத் திரும்பி வந்துவிடும். வேறொருவரின் கணக்குக்குப் போயிருந்தால், உங்கள் வங்கிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட மறக்காதீர்கள். எதிர்த்தரப்பின் ஒப்புதல் இல்லாமல் வங்கி தன்னிச்சையாக அவர் கணக்கிலிருந்து எடுத்துத் தர முடியாது. அவர் மறுத்தால் சட்டப்படி கோர வேண்டியிருக்கும். ஐ.எம்.பி.எஸ்.ஸிலோ யு.பி.ஐ.யிலோ உங்கள் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு, பெற வேண்டியவருக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்றுவிட்டது என்றால் அது வேறு வகை. அதை அடுத்த நாளுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. கேட்காதவர்களுக்கும் தர வேண்டிய தொகை இது, இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். க்யூ.ஆர். கோடு வேண்டாம், ரொக்கம்தான் என்று இருந்தேன். வாங்க வருகிறவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள். விடியற்காலைக் கூட்டத்தில் யார் அனுப்பினார்கள், யார் அனுப்பவில்லை என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், மதுரை

வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன் ஷாட்டை வரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் வேறு கடையில் எடுத்த படமாகவும் அது இருக்கலாம். பணம் அனுப்பியது போலவே காட்டும் போலிச் செயலிகளும் உண்டு. உங்கள் செயலியில் வரவு தெரிந்தால்தான் பணம் வந்தது. நான்கு மணிக் கூட்டத்தில் பூவை நிறுத்துக்கொண்டே கைப்பேசியைப் பார்க்க முடியாது என்பதால், தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டியைத் தமிழில் அமைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மாத வாடகை பிடிப்பார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். கடை திறந்தவுடன் உங்கள் ஸ்டிக்கரை நீங்களே ஒரு முறை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு பல ஊர்களில் நடந்திருக்கிறது.

பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. “பாக்கித் தொகையை அனுப்புகிறேன், பின் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்று எவர் சொன்னாலும் அவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். கடைக்கணக்கையும் வீட்டுக் கணக்கையும் பிரித்து வைத்துக்கொண்டால் அந்தியில் கணக்குப் பார்ப்பதும் சுலபம்.

எனக்குக் கண் பார்வை அவ்வளவாக இல்லை. என் மகன்தான் என் ஏ.டி.எம். கார்டு, பின் எண், நெட் பேங்கிங் கடவுச்சொல் எல்லாம் வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறான். நல்ல பிள்ளைதான். இருந்தாலும் இது சரியா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதிலிருந்து மனது உறுத்துகிறது.
– வாசகி, உசிலம்பட்டி

அம்மா, உங்கள் மகன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், ஏற்பாடு சரியில்லை. உங்கள் கடவுச்சொல்லை வேறு எவருக்கும், மகனே ஆனாலும், கொடுப்பது வங்கி விதிப்படி உங்கள் கவனக்குறைவு. நாளைக்கு அவருடைய கைப்பேசி தொலைந்து, அதில் எழுதி வைத்திருந்த எண்களைக் கொண்டு எவனோ பணத்தை எடுத்துவிட்டால், இழப்பு உங்கள் தலையில்தான் விழும். அதைவிட, குடும்பத்தில் பணம் பற்றி ஒரு பேச்சு எழும்போது, எந்தப் பிடித்தம் உங்கள் விருப்பப்படி நடந்தது, எது மகன் தன் யோசனையில் செய்தது என்று சொல்ல எந்தச் சான்றும் இராது. மற்ற பிள்ளைகள் கேட்கும்போது நல்ல பிள்ளைதான் முதலில் கெட்ட பெயர் வாங்குவார். அவரைக் காப்பாற்றவாவது இதை மாற்றுங்கள்.

வீட்டுச் செலவுக்கென்று அவரையும் சேர்த்து ஒரு கூட்டுக் கணக்கைத் தொடங்கி, இருவரில் ஒருவர் இயக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். அதற்கு அவர் தம் பெயரில், தம் கைப்பேசி எண்ணில், தமக்கென்று ஒரு கடவுச்சொல் பெறலாம். எதை யார் செய்தார் என்பது பதிவாகும். மாதம் எவ்வளவு தேவையோ அதை மட்டும் உங்கள் கணக்கிலிருந்து அதற்கு மாற்றும்படி கிளையில் ஒரு நிலையான உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். உங்கள் சொந்தக் கணக்கின் பின் எண்ணை மாற்றி, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இருப்பு எவ்வளவு என்று அறிய, பதிவு செய்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தி வரும் வசதி பெரும்பாலான வங்கிகளில் இருக்கிறது. அதைப் பேத்தி படித்துச் சொல்லட்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் சில அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே வந்து தர வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் கிளையில் அது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள்.

வங்கியிலிருந்து பேசுவதாகவும் கே.ஒய்.சி. எனப்படும் அடையாளச் சான்று விவரம் காலாவதி ஆகிவிட்டதாகவும் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு செயலியை அனுப்பி, என் தங்கை கணவரின் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள். அவமானம் என்று அவர் வெளியில் சொல்லவே இல்லை. இப்படி நடந்தால் முதலில் எங்கே போக வேண்டும்? நாங்களெல்லாம் இனி இந்த வம்பே வேண்டாம் என்று இருந்துவிடலாமா?
– வாசகர், மேலூர்

முதலில் எங்கும் போக வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். அது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். திருடப்பட்ட பணம் ஒரே கணக்கில் தங்காது. ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறு நான்கு என்று பிரிந்து ஓடிக்கொண்டே இருக்கும். அது ரொக்கமாக வெளியேறுவதற்குள் தகவல் போய்விட்டால், வழியில் உள்ள வங்கிகள் அந்தத் தொகையை முடக்கி வைக்க முடியும். அடுத்த நாள் கிளை திறக்கட்டும் என்று காத்திருப்பதும், சொந்தக்காரர்களிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருப்பதும் திருடனுக்கு நேரம் கொடுப்பதாகும். 1930-இல் சொன்ன கையோடு வங்கியின் சேவை எண்ணுக்குப் பேசி, கார்டையும் நெட் பேங்கிங்கையும் யு.பி.ஐ.யையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். மதுரை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனியே சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உள்ளன. மேலூர்க்காரர்கள் மாவட்டக் காவல் நிலையத்தை அணுக வேண்டும்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பது, எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் குறைபாட்டால் போயிருந்தால் பொறுப்பு வாடிக்கையாளருடையது அல்ல. வங்கியின் தவறும் இல்லாமல், உங்கள் தவறும் இல்லாமல், வேறெங்கோ நடந்த கசிவால் போயிருந்தால், வங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பே இல்லை. நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000. ஓ.டி.பி.யையோ கடவுச்சொல்லையோ நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்களுடைய இழப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் இழப்பு. அவமானம் கருதி வாயை மூடிக்கொண்டிருப்பவர் இந்த இரண்டாவது பாதுகாப்பையும் இழக்கிறார். உங்கள் தங்கை கணவரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, இப்போதாவது புகாரைப் பதிவு செய்ய வையுங்கள். அவருடைய கைப்பேசியில் அந்தச் செயலி இன்னும் இருக்கலாம். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு அதை நீக்க வேண்டும். நம்பிக்கை வராவிட்டால் கைப்பேசியை முழுவதும் அழித்து மறுபடி அமைத்த பிறகே வங்கிச் செயலியைத் திறக்க வேண்டும். நீக்கும் முன், வந்த செய்திகளையும் எண்களையும் படம் எடுத்து வைப்பது புகாருக்கு உதவும். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இந்த மோசடிகளின் கதைகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. கே.ஒய்.சி. என்பார்கள், போக்குவரத்து அபராதம் என்பார்கள், உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள் வந்திருக்கிறது, வீடியோ அழைப்பிலேயே உங்களைக் கைது செய்திருக்கிறோம் என்பார்கள். டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. எல்லாக் கதைகளிலும் பொதுவாக இருப்பது அவசரம்: இன்றைக்கே, இப்போதே, போனை வைக்காமல், வீட்டில் யாரிடமும் சொல்லாமல். கே.ஒய்.சி. தாள்களைக் கிளைக்கே எடுத்துச் சென்று கொடுக்கலாம். அதற்காக நீங்கள் எந்தச் செயலியையும் வாட்ஸ்அப்பில் வாங்கி நிறுவ வேண்டியதில்லை. போனை வைத்துவிட்டு, கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசிக் கேளுங்கள். உண்மையான வங்கி ஊழியர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த வம்பே வேண்டாம் என்று இருக்கலாமா என்று கேட்டீர்கள். நெட் பேங்கிங் வைத்திருக்காதவர்களையும் இந்த அழைப்புகள் விடுவதில்லை. ஏ.டி.எம். கார்டின் விவரங்களையும் ஓ.டி.பி.யையும் வாங்கிக்கொண்டு, உங்கள் பெயரில் அவர்களே நெட் பேங்கிங்கைத் தொடங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் தொடங்காமல் இருப்பது அந்தக் கதவை மூடிவிடாது. கணக்கில் ஒவ்வொரு அசைவுக்கும் குறுஞ்செய்தி வரும்படி வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறையாவது உள்ளே போய்ப் பார்ப்பவருக்குத் திருட்டு அன்றே தெரிந்துவிடும். பாஸ்புக்கை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பதிவு செய்பவருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். மூன்று வேலை நாள் கணக்கு அதற்குள் முடிந்திருக்கும்.

என்னிடம் இருப்பது பட்டன் போன். தென்னந்தோப்பில் வேலை, டவருக்கே தடுமாற்றம். எனக்கு இதில் ஏதாவது வழி இருக்கிறதா?
– வாசகர், சோழவந்தான்

இருக்கிறது. கணக்கோடு இணைந்த எண்ணிலிருந்து *99# என்று அடித்தால், இணைய வசதி இல்லாமலேயே திரையில் எழுத்துப் பட்டியல் ஒன்று வரும். இருப்பு பார்க்கவும், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பவும் முடியும். முதல் முறை மட்டும் ஏ.டி.எம். கார்டின் கடைசி ஆறு இலக்கங்களையும் அது காலாவதியாகும் மாதம், ஆண்டையும் கொடுத்துப் பின் எண் அமைக்க வேண்டும். அதைக் கிளையிலேயே உட்கார்ந்து செய்துகொள்ளுங்கள். சிக்னல் பாதியில் அறுந்தால் மறுபடி அனுப்பாதீர்கள். முதலில் இருப்பைப் பாருங்கள். பணம் போயிருக்கவும் கூடும்.

ஆதார் எண்ணும் விரல் ரேகையும் கொண்டு பணம் தரும் வங்கி முகவர்கள் ஊர்களில் இருக்கிறார்கள். தபால்காரர் வழியாக இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியும் இதைச் செய்கிறது. விரலை வைக்கும் முன் கருவியில் எந்தத் தொகை போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். “ரேகை விழவில்லை, மறுபடி வையுங்கள்” என்று சொன்னால், முதல் முறை தோல்வி என்று காட்டும் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு வையுங்கள்.